கடைசி வரி வரை: வலைப்பூ தொடங்குபவருக்கு ஒரு புரூஃப் ரீடர் சொல்வது

சென்ற தை மாதம் என் தங்கை மகள் ஊருக்கு வந்திருந்தாள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "பெரியம்மா, வலைப்பூ ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்" என்றாள்.

வெளிர் ஊதாப் பின்னணி. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. தலைப்பகுதியில் ஒரு கடிகாரம், ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை, திரை முழுவதும் உதிர்ந்துகொண்டே இருக்கும் பூக்கள். இன்னும் வெளியிடாத அந்தப் பதிவு, "அனைவருக்கும் வணக்கம். இது என் முதல் பதிவு. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கியது. பிறகு செவிலியர் பணியின் மேன்மை பற்றி இரண்டு பத்திகள். நான்காவது பத்திக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "விடியற்காலை மூன்று மணிக்கு வார்டில் விழித்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர், தன் தாயின் காலைப் பிடித்துவிட்டபடி தரையில் உட்கார்ந்திருக்கும் மகன்."

"இதுதான் உன் முதல் வரி. இதற்கு மேலே இருப்பதையெல்லாம் எடுத்துவிடு" என்றேன். அவளுக்கு மனம் வரவில்லை. வணக்கம் சொல்லாமல் எப்படித் தொடங்குவது என்று கேட்டாள். அன்றிரவு அவளுக்குச் சொன்னவையும், அதன் பிறகு தொலைபேசியில் தவணை தவணையாகச் சொன்னவையும்தான் இங்கே இருக்கின்றன.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 24 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவள், அதாவது அச்சேறும் முன் பிழை திருத்தியவள். 1986-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஈய எழுத்து கோக்கும் கம்பாசிட்டர்கள் இருந்தார்கள். வேலையை விட்டபோது எல்லாம் கணினிக்கு மாறியிருந்தது. 2008-இல் எனக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, அச்சுத் தொழிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் இன்றுவரை எழுதிவருகிறேன். ஒரு பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவருக்கு, வாக்கியம் அலுத்ததால் போனாரா, கண் வலித்ததால் போனாரா என்று அவருக்கே தெரியாது. ஆகவே எழுதுவதையும் பக்கம் அமைப்பதையும் நான் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். படிப்பவரைக் கடைசி வரி வரை கூட்டிக்கொண்டு போவது அந்த வேலை.

இருபது தலைப்புகள்

"பயணம், சமையல், சினிமா, சிந்தனைகள்" என்று முகப்பில் எழுதிக்கொள்ளும் வலைப்பூக்கள் ஏராளம். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வருபவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது. உங்களிடம் மட்டும் இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் தங்கை மகளிடம் இருப்பது இரவுப் பணி. ஊர் தூங்கும்போது ஒரு கட்டடத்துக்குள் நடப்பதை அவள் மாதம் பத்து இரவு பார்க்கிறாள்.

எடுத்த பொருள் தாங்குமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒரு தாளில் இருபது பதிவுகளுக்குத் தலைப்பு எழுதிப் பாருங்கள். அவள் அன்றிரவு பதின்மூன்று எழுதினாள். மீதியைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் எழுதி அனுப்பினாள். "வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டிலில் மறந்துவிட்டுப் போகும் பொருள்கள்", "ஊசி போடும்போது எந்தப் பக்கம் பார்க்கலாம்", "பகலில் தூங்குகிறவளின் வீட்டு அழைப்பு மணி". இந்த மூன்றையும் நான் உடனே படிக்க விரும்பினேன். இருபது தேறவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். ஒன்றிரண்டு பதிவோடு நின்றுபோன வலைப்பூக்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்கியவை என்பது என் எண்ணம்.

எந்தத் தளத்தில் தொடங்குவது என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பிளாக்கர் 1999-இலிருந்து இருக்கிறது, இலவசம், எளிது. வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. கற்றுக்கொள்ளச் சற்று நாள் பிடிக்கும், ஆனால் நம் விருப்பப்படி மாற்றியமைக்க இடம் தரும். கணினி அவ்வளவாகப் பழகாதவர்களுக்கு நான் பிளாக்கரையே சொல்கிறேன்.

முதல் வரியும் தலைப்பும்

காலண்டர் தொழிலைப் பற்றி நான் முதலில் எழுதிய பதிவுக்கு "காலண்டர் தொழில்: ஒரு பார்வை" என்று பெயர் வைத்திருந்தேன். தொழிலின் சிறப்பு, வேலைவாய்ப்பு, எதிர்காலம் என்று பள்ளிக் கட்டுரையின் வரிசையில் எழுதியிருந்தேன். என் வீட்டார்கூட அதை முழுதாகப் படிக்கவில்லை. ஓராண்டு கழித்து அதையே மறுபடி எழுதினேன். இம்முறை தலைப்பு: "சிவகாசிக்குப் புத்தாண்டு ஆடி 18-இல் பிறக்கிறது". எங்கள் ஊரில் அது வெறும் உண்மை. ஆடிப்பெருக்கு அன்றுதான் பூஜை போட்டு, அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு முகவர்கள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் புறப்படுவார்கள். ஆகஸ்ட் மாத வெயிலில் ஜனவரித் தாளைப் புரூஃப் பார்த்த அனுபவத்தை அந்தப் பதிவில் எழுதினேன். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, தங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதைத் திருப்பிப் பார்த்ததாக எழுதினார்கள்.

இரண்டு பதிவுகளிலும் விஷயம் ஒன்றுதான். முதலாவதை அந்த ஊரில் வாழாத யாரும் எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். "செவிலியர் பணி உன்னதமானது" என்பதை யாரும் எழுதலாம். தரையில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்ட மகனை அவள் ஒருத்திதான் எழுத முடியும்.

முதல் வரைவில் நாம் எல்லோரும் தொண்டையைச் செருமுகிறோம். மேடையில் அது இயல்பு. எழுத்தில் அந்தச் செருமலைத் துடைத்துவிட வேண்டும். வரைவை முடித்த பிறகு, உயிர் வந்த முதல் வாக்கியம் எது என்று தேடி, அதற்கு மேலே இருப்பதை வேறொரு தாளுக்கு மாற்றுங்கள். அதில் உண்மையிலேயே தேவையான தகவல் இருந்தால், பிறகு உரிய இடத்தில் செருகிக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்கும் வரி எங்குமே வேண்டாம். பிழை இருக்குமோ என்று அஞ்சினால் அதைத் தேடித் திருத்துங்கள். படிப்பவரிடம் பொறுமை கேட்காதீர்கள்.

பொருள்களுக்கு அவற்றின் பெயரைச் சொல்லுங்கள். "சிற்றுண்டி அருந்தினோம்" என்பதைவிட "பிளாஸ்கில் ஆறிப்போன காபி" என்பது படிப்பவரின் கையில் ஒரு டம்ளரைக் கொடுக்கிறது. பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

பிறருடைய வாழ்க்கை

சொந்த அனுபவம் என்று நாம் எழுதுவதில் பாதி அடுத்தவர்களுடையது. அவள் எழுத இருப்பதோ நோயாளிகளுக்கு நடுவே. இதில் மட்டும் அவளிடம் கண்டிப்பாகப் பேசினேன்.

பெயர் வேண்டாம், கட்டில் எண் வேண்டாம், நோயின் பெயர் வேண்டாம், நடந்த தேதி வேண்டாம். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நடந்த அன்றே எழுதாமல் குறைந்தது ஆறு மாதம் ஆறப்போட வேண்டும். நோயாளி இருக்கும் எந்தப் படமும், முகம் மறைத்திருந்தாலும்கூட, போடக்கூடாது. பணியிடத்தில் இதற்கென விதிகள் இருக்கும். முதலில் அவற்றைப் படித்துவிட வேண்டும். அடையாளத்தை மறைப்பதற்காகக் கற்பனையைச் சேர்க்கவும் கூடாது. சொல்ல முடியாததைச் சொல்லாமல் விடலாம், நடக்காததை நடந்ததாக எழுதினால் வலைப்பூ முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். அந்தத் தாய் ஒருநாள் இந்தப் பதிவைப் படித்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்த பிறகே வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டும். குடும்பத்தாரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதே முறைதான். என் தங்கை மகளைப் பற்றி இதில் வருகிற ஒவ்வொரு வரியையும் அவளிடம் காட்டிய பிறகுதான் சேர்த்திருக்கிறேன்.

தட்டச்சு

கைப்பேசியில் எழுதுவதென்றால் உங்களுக்குப் பழகிய விசைப்பலகை போதும். கணினியில் நிறைய எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நாளுக்கு அரைமணி நேரம் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் எனக்குக் கை பழகியது.

அச்சகங்களில் இன்றும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அப்படி ஏதாவது பழைய கட்டுரையை வலைப்பூவில் ஏற்றுவதானால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. "கௌரி" என்ற பெயரை ஔகாரக் குறி போட்டு அடிக்க வேண்டும். பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்து "கெளரி" என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பக்கத்தில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைக் கெ, ள, ரி என்றே படிக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் இதே வகை. இவற்றைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஔகாரம் வரும் சொற்களை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

கண்ணுக்கு இதமான பக்கம்

ஈய எழுத்துக் காலத்தில், வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத்தகடு செருகுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாளை மிச்சப்படுத்தத் தகடு இல்லாமல் அடித்த ஒரு நோட்டீஸைப் புரூஃப் பார்த்தேன். மேல் வரியின் "து"வும் "மூ"வும் கீழே இறங்கி, கீழ் வரியின் "கீ", "றி" ஆகியவற்றின் கொக்கியில் இடித்துக்கொண்டு நின்றன. படித்த வரியையே மறுபடி படித்தேன். மூத்த கம்பாசிட்டர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்துக்கு மூச்சு விட இடமில்லையம்மா" என்றார்.

திரையிலும் அதேதான் நடக்கிறது. தளங்கள் தயாராகத் தரும் பக்க அமைப்புகளான வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. தமிழெழுத்துக்கு மேலும் கீழும் கொக்கிகளும் சுழிகளும் உண்டு. ஆகவே வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் 1.7 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். எழுத்தின் அளவு 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், எனது 19. பிளாக்கரில் தீம் பகுதிக்குப் போய், தனிப்பயனாக்கலில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் குறிப்புகளை எழுதும் பெட்டி கிடைக்கும். வரி இடைவெளியைக் குறிக்கும் லைன்-ஹைட் (line-height) என்ற மதிப்பை அங்கே ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்தும். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வேறெதுவும் இதற்கு ஈடாகாது.

எழுத்துருவுக்குக் கூகுள் எழுத்துருக்களில் நல்ல இலவசத் தமிழ் வகைகள் இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை பல தடிமன்களில் கிடைக்கின்றன. நீண்ட பதிவுக்கு ஏற்றவை. புத்தகத்தின் சாயல் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ். மீரா இனிமை எனக்குப் பிடித்த வடிவம், ஆனால் ஒரே தடிமனில்தான் இருக்கிறது. தடித்த எழுத்து கேட்டால் உலாவி தானாக மையைப் பூசிக் காட்டும். ணகரச் சுழிகள் அடைபட்டுப் போகும். கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போன்றது, தலைப்புக்கு அழகு, பத்திக்கு வேண்டாம். பத்திக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் எதற்கு?

தமிழைச் சாய்வெழுத்தில் போடாதீர்கள். நம் எழுத்துக்கு அந்த மரபு கிடையாது. உலாவி அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். அழுத்தம் வேண்டிய சொல்லை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை நீட்டுவதும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும். அச்சில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிச் சரிசெய்வோம். உலாவி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விட்டுவிடும். இடப்பக்கம் மட்டும் நேராக நின்றால் போதும்.

நிறத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. வெளிர் ஊதாவில் சாம்பல் எழுத்து அந்த அளவைத் தொடாது. அவளிடம், தூய வெள்ளையிலிருந்து சற்றே மங்கிய பின்னணியும், ஏறக்குறையக் கறுப்பான எழுத்தும் வைக்கச் சொன்னேன். ஊதா அவளுக்குப் பிடித்த நிறம். அதைத் தலைப்புக்கும் இணைப்புகளுக்கும் வைத்துக்கொண்டாள், அது பொருத்தமாகவே இருக்கிறது. கடிகாரம், எண்ணிக்கைப் பலகை, உதிரும் பூக்கள் மூன்றையும் அன்றிரவே எடுத்துவிட்டோம். படிக்கும் கண்ணின் ஓரத்தில் எதுவும் அசையக்கூடாது.

கைப்பேசி எடுக்கும் படம் பல மெகாபைட் இருக்கும். அப்படியே ஏற்றினால் சிற்றூர் இணைப்பில் பக்கம் திறக்காது. அகலத்தை 1200 பிக்சலாக்கி, 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்குங்கள். படத்துக்கான மாற்று உரைப் பெட்டியில் "படம் 1" என்று போடாமல், அதில் இருப்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். எழுத்தையே படமாக்கிப் போடுவது பார்வையற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம்.

வெளியிடும் முன்

1991-இல் ஒரு திருமண அழைப்பிதழில், மணமகனின் தந்தை பெயரில் ஒரு புள்ளி விடுபட்டது. புரூஃப் பார்த்தவள் நான். 400 அழைப்பிதழ்களை மறுபடி அடித்தோம். எழுத்துகளைப் பார்க்காமல் அர்த்தத்தைப் படித்துக்கொண்டு போயிருக்கிறேன். தெரிந்த பெயர் என்பதால், இல்லாத புள்ளியை மனம் தானாகப் போட்டுக்கொண்டது. சொந்தமாக எழுதியதைப் படிக்கும்போது இது இன்னும் மோசமாக நடக்கும்.

அதன் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. எழுதியதை ஓர் இரவு தள்ளிவையுங்கள். மறுநாள் தாளில் அச்சிட்டு எடுங்கள். முடியாவிட்டால் வேறொரு எழுத்துருவுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கி வாருங்கள். வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துக்கொண்டு படியுங்கள். பெயர்களையும் எண்களையும் மட்டும் பார்க்கத் தனியாக ஒரு முறை. ஒற்றுகளுக்குத் தனியாக ஒரு முறை. "அந்த", "இந்த", "எந்த" என்பவற்றுக்குப் பிறகும், ஐ, கு என்று வெளிப்படையாக முடியும் வேற்றுமைக்குப் பிறகும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பையன், வீட்டைக் கட்டினான், ஊருக்குப் போனாள். "சிறிய பெட்டி", "எனது கை" போன்ற இடங்களில் மிகாது. இந்த இரண்டை மட்டும் மனத்தில் வைத்தாலே பெரும்பாலான ஒற்றுப் பிழைகள் ஒழிந்துவிடும்.

கடைசியாக முகவரி. பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால், அது தமிழை விட்டுவிட்டு "பிளாக் போஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல்லோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து முகவரி ஆக்கிவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து அனுப்பும்போது "தமிழ்" என்ற ஒரு சொல்லே விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 குறிகளாக நீளக்கூடும். இரண்டிலுமே, வெளியிடுவதற்கு முன் நிரந்தர இணைப்புப் பகுதியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நீங்களே எழுதிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு பதிவு? அவளுக்கு மாதம் இரண்டு என்று வைத்தோம். பகல் பணி வாரங்களில் ஒன்றும், இரவுப் பணி முடிந்த விடுப்பில் ஒன்றும். இதுவரை ஒன்பது வந்திருக்கின்றன. கால் பிடித்துவிட்ட மகன் இன்னும் வெளியாகவில்லை. நான் சொன்ன ஆறு மாதம் ஆடியில்தான் முடிகிறது.

ஒரு வேலை பாக்கி. ஜியோசிட்டீஸ், யாஹூ 360 என்று ஒரு காலத்தில் ஏராளமானோர் எழுதிக் குவித்த இலவசத் தளங்கள் 2009-இல் மூடப்பட்டன. எடுத்து வைக்காதவர்களின் எழுத்து அவற்றோடு போனது. பிளாக்கரில் அமைப்புகள் பகுதியில், எல்லாப் பதிவுகளையும் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. படங்களைத் தனியாக ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் ஆயுத பூஜை அன்று இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பொட்டு வைப்போம். வேலையை விட்ட பிறகு அந்த நாளில் நான் வலைப்பூவை இறக்கி, இரண்டு பென்டிரைவ்களில் ஏற்றி, ஒன்றை என் அலமாரியிலும் மற்றொன்றைத் தங்கை வீட்டிலும் வைக்கிறேன். இந்த ஆண்டு மூன்றாவதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். அது அவளுடைய வலைப்பூவுக்கு.